ஊர்ச் சுற்றுச்சூழல் குழு: முதல் கூட்டத்துக்கு 42 பேர், இப்போது 7 பேர். என்ன செய்யலாம்? (கடலூர்)

கெடிலக்கரை கேட்டது:

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையும் சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை கரை புரண்டு வந்ததே, அப்போது நாணமேடு, உச்சிமேடு, தாழங்குடா பக்கம் சாப்பாட்டுப் பொட்டலமும் பாயும் தூக்கிக்கொண்டு ஓடிய பத்துப் பன்னிரண்டு பேர்தான் எங்கள் குழு. தண்ணீர் வடிந்த பிறகு வேலிகளைப் பார்த்தால் மூன்று நான்கு அடி உயரத்துக்குப் பிளாஸ்டிக் பைகள் வரிசையாகத் துணி காயப்போட்ட மாதிரி தொங்கின. நிவாரணத்தோடு நிறுத்தக் கூடாது, ஆறு, கடற்கரை, வாய்க்கால் என்று தொடர்ந்து ஏதாவது செய்ய வேண்டும் என்று அன்றைக்குத்தான் பேசிக்கொண்டோம்.

முதல் கூட்டத்துக்கு 42 பேர் வந்தார்கள். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் இடம் போதாமல் பாதிப் பேர் நின்றார்கள். அடுத்ததற்கு 25. போன மாதம் 7 பேர், அதில் நானும் என் மனைவியும் அடக்கம். வாட்ஸ்அப் குழுவில் 130 பேர் இருக்கிறார்கள், காலை வணக்கம் தவறாமல் வருகிறது, "ஞாயிற்றுக்கிழமை யார் யார் வருகிறீர்கள்" என்று கேட்டால் மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

இதுவரை செய்தது: தேவனாம்பட்டினம் கடற்கரையில் இரண்டு தடவை குப்பை பொறுக்கினோம். கெடிலம் ஆற்றங்கரையில் 60 மரக்கன்று வைத்தோம், அதில் இப்போது உயிரோடு இருப்பது 4. ஆடு கடித்தது கொஞ்சம், சித்திரை வெயிலில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் காய்ந்தது மிச்சம். இது எனக்கு ரொம்ப மனக்கஷ்டம். கன்றுகளை நட்ட பிள்ளைகள் அந்த வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

மாதம் எத்தனை கூட்டம் போடலாம்? கூட்டத்தில் என்ன பேச வேண்டும்? சங்கமாகப் பதிவு செய்தால் ஆள் வருவார்களா? கடலூர், புதுச்சேரி பக்கம் இப்படிக் குழு நடத்துகிறவர்கள், நடத்தி நிறுத்தியவர்கள்கூட, அனுபவத்தைச் சொன்னால் நன்றாக இருக்கும்.

பாகூர்க்காரன்:

தம்பி, 42 பேர் 7 பேரானதைப் பற்றிக் கவலைப்படாதீங்க, எல்லா ஊரிலும் அப்படித்தான். அந்த ஏழு பேர் யார் என்பதுதான் முக்கியம்.

நான் பாகூர் பக்கம். எங்கள் ஏரி புதுச்சேரியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி. தண்ணீர் தென்பெண்ணையிலிருந்து வர வேண்டும்: சொர்ணாவூர் அணைக்கட்டில் திரும்பி, பங்காரு வாய்க்கால் வழியாக, தமிழ்நாட்டில் ஆரம்பித்துப் புதுச்சேரிக்குள் வந்து சேர்கிறது. அதனால் எங்கள் ஊரில் சுற்றுச்சூழல் என்று தனியாக யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, வாய்க்கால் என்று சொன்னாலே பத்துப் பேர் வருவார்கள். ஏரியில் தண்ணீர் நின்றால்தான் நெல், நெல் இருந்தால்தான் வீட்டில் பேச்சுக்கே மரியாதை. உங்கள் குழுவுக்கும் அப்படி ஒன்று வேண்டும். ஆறு, கடற்கரை, வாய்க்கால் மூன்றையும் எழுதியிருக்கீங்க. ஒன்றை எடுங்க. ஒரே ஒரு வாய்க்காலை எடுத்து, எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே அடைத்திருக்கிறது, எங்கே கடலில் சேர்கிறது என்று அதன் ஜாதகத்தையே கையில் வைத்துக்கொள்ளுங்க.

1999 வாக்கில் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு புதுச்சேரியில் 84 ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் வந்தது. ஒவ்வொரு ஏரிக்கும் பயனாளர் சங்கம் அமைத்தார்கள், பெண்களும் நிலம் இல்லாதவர்களும் உள்ளே இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். நான் அப்போது இளவட்டம். பெரியவர்கள் கரையில் துண்டை விரித்து உட்கார்ந்து மதகு, கலங்கல் (மிச்சத் தண்ணீர் வழிகிற இடம்), வரத்து வாய்க்கால் என்று வாதம் செய்ததை நேரில் கேட்டுத்தான் எனக்கு ஏரி என்றால் என்னவென்று தெரிந்தது. கூட்டத்தை வாய்க்கால் கரையிலேயே போடுங்க என்று சொல்வது இதனால்தான். நாற்காலி போட்ட கூட்டத்தில் பேசத் தெரிந்தவர்தான் பேசுவார். கரையில் நின்றால், "இந்த இடத்தில் எங்கப்பா காலத்தில் ஒரு குமிழி மதகு இருந்தது, மேலே மண்ணைப் போட்டு மூடிட்டாங்க" என்று வாயே திறக்காத ஒருவர் சொல்வார். எங்களுக்கு ஒரு கிழவர் அப்படிக் காட்டிய இடத்தில் தோண்டினோம். இரண்டடி ஆழத்தில் கருங்கல் தட்டுப்பட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நாங்கள் பட்டதை நீங்கள் படக் கூடாது. ஒரு வருடம் வரத்து வாய்க்காலில் நெய்வேலிக் காட்டாமணக்கு ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. நாற்பது பேர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வெட்டினோம், கை எல்லாம் கொப்புளம். வெட்டிய தண்டை எல்லாம் கரையிலேயே போட்டுவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். ஐப்பசி மழை விழுந்தது, போட்ட தண்டெல்லாம் கரையில் வேர் விட்டு, முன்னால் ஒரு வரிசை இருந்த இடத்தில் மூன்று வரிசையாக எழும்பியது. அதற்குத் தண்டு மண்ணில் பட்டால் போதும். வேரோடு பிடுங்கி, தண்ணீர் படாத மேட்டில் குவித்து, நன்றாகக் காய்ந்து சுள்ளியாகும் வரை ஒருவர் போய்ப் பார்த்துவர வேண்டும். இது தெரியாமல் செய்ததால் நாற்பது பேரின் உழைப்பு போனது. அதைவிடப் பெரிய நஷ்டம், மறு வருடம் கூப்பிட்டபோது பாதிப் பேர் வரவில்லை.

மரக்கன்று விஷயத்தில் மனம் நோகாதீங்க. ஆற்றங்கரைக்குப் பனை விதை போடுங்க. ஆவணி, புரட்டாசியில் பழம் விழும், காசு கொடுக்க வேண்டியதில்லை, பிள்ளைகளே பொறுக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். கடப்பாரையால் ஓரடிக் குழி, விதை, மண், அவ்வளவுதான். எட்டுப் பத்தடி இடைவெளி விடுங்க. தண்ணீர் ஊற்ற வேண்டாம், மழை பார்த்துக்கொள்ளும். ஆடு சீக்கிரம் வாய் வைக்காது. ஒரே தொல்லை, தை மாதம் யாராவது கிழங்குக்காகத் தோண்டிவிடுவார்கள், அதற்குக் கரையில் வீடு இருக்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பலன் தர பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஆகும், அதையும் பிள்ளைகளிடம் உள்ளபடியே சொல்லுங்க.

தாழைமடல்:

நான் மீனவர் குடும்பம், கடலூருக்கு வடக்கே ஒரு குப்பம். கடற்கரையில் குப்பை பொறுக்க வருகிற குழுக்களைப் பற்றி எங்கள் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன் அண்ணா, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டு வருடம் முன்னால் ஒரு குழு வந்தது, எல்லாரும் ஒரே நிற டீ-சர்ட், கையில் உறை. பிளாஸ்டிக் பொறுக்கினார்கள், சந்தோஷம். அப்புறம் மணல் மேட்டில் படர்ந்திருந்த அடப்பங்கொடியையும் ராவணன் மீசையையும் களை என்று நினைத்து இழுத்துப் பிடுங்க ஆரம்பித்தார்கள். என் அம்மா கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தவங்க, அப்படியே எழுந்து ஓடி, "அத பிடுங்கினா மண்ணு நிக்காதுய்யா, வூட்டுக்குள்ள கடலு வரும்"னு கத்தினாங்க. அந்தக் கொடியும் முள் புல்லும்தான் மணலைப் பிடித்து மேடாக்குகிறது. சுனாமி அன்றைக்கு மேடு இருந்த இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் எங்கள் குப்பத்தில் இருந்த வித்தியாசத்தை அம்மா கண்ணால் பார்த்தவங்க. வந்த பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான், மன்னிப்புக் கேட்டார்கள். ஆனால் முதல் நாளே ஊரில் ஒருவரிடம் கேட்டிருந்தால் அந்தக் கொடி பிழைத்திருக்கும். கடற்கரைக்கு வருவதற்கு முன்னால் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாங்க. பெண்களிடமும் தனியாகப் பேசுங்க, ஏனென்றால் கரையில் நாள் முழுக்க இருப்பது நாங்கள்தான்.

நேரம் பார்த்துக் கூட்டம் போட வேண்டும். மாலை ஆறு மணிக் கூட்டத்துக்கு எங்கள் பெண்கள் ஒருத்தர்கூட வர முடியாது, அடுப்பு வேலை. விடியற்காலை ஆண்கள் கடலுக்குப் போயிருப்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், அப்போது விசைப்படகு ஆட்கள் வலையைச் செப்பனிட்டுக்கொண்டு கரையில்தான் இருப்பார்கள். கிழிந்த நைலான் வலையை என்ன செய்வது என்று பேச வேண்டுமானால் அந்த இரண்டு மாதம்தான் சரியான நேரம். எங்கள் கரையில் குப்பையில் பெரிய பங்கு வலைத் துண்டு, கயிறு, தெர்மாகோல். அதைப் பொறுக்கிக்கொண்டு போனால் மறுவாரம் மறுபடி இருக்கும். ஏலக்கூடத்துப் பக்கத்தில் ஒரு பெரிய கூண்டு வைத்து, வலைத் துண்டை அதில் போடச் சொல்லி, பழைய சாமான்காரருக்குக் கொடுக்கிற ஏற்பாட்டை எங்கள் பையன்கள் செய்தார்கள். எல்லாரும் போடுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன், முக்கால்வாசிப் பேர் போடுகிறார்கள்.

தை, மாசி, பங்குனியில் ஆமை முட்டையிட வரும், சித்தாமை, பங்குனி ஆமை என்று நாங்கள் சொல்வது. ஒரு குழியில் நூறு, நூற்றிருபது முட்டை இருக்கும், 45 நாளிலிருந்து 60 நாளுக்குள் குஞ்சு வரும். ராத்திரி கரையோரம் நடந்து தடம் பார்க்கிற வேலைக்கு ஆள் பஞ்சமே வராது, காலேஜ் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். ஆனால் முட்டையை நீங்களாக எடுக்கக் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதிகப் பாதுகாப்புக் கொடுக்கிற முதல் அட்டவணையில் இருக்கிற உயிர் அது. வனத்துறையிடம் முன்னாலேயே பேசி, அவர்கள் கற்றுக்கொடுத்தபடி, அவர்களோடு சேர்ந்துதான் செய்ய வேண்டும். டார்ச் அடிக்கக் கூடாது, போட்டோ பிளாஷ் வேண்டவே வேண்டாம். குஞ்சு வெளிச்சம் இருக்கிற பக்கம்தான் ஓடும், தெருவிளக்கைக் கடல் என்று நினைத்து ரோட்டுக்கு வந்துவிடும். ஒரு தடவை விடிகாலையில் ரோட்டோரம் வண்டிச் சக்கரத் தடத்துக்குள் பதினொரு குஞ்சு கிடந்ததை நான் பார்த்தேன், கட்டை விரல் நீளம்கூட இல்லை. நாங்கள் மின்வாரியத்துக்கு மனு எழுதியது அந்த வாரம்தான்: கடலைப் பார்த்த நான்கு விளக்கை அந்த மூன்று மாதம் மட்டும் பத்து மணிக்கு மேல் அணைக்கச் சொல்லி.

உப்பனாறு:

சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பக்கத்து ஊர் நான். எங்களுக்குக் கூட்டம் என்றால் வேறு மாதிரி. மரம் நடுவது, குப்பை பொறுக்குவது எல்லாம் இரண்டாவது, மூச்சு விடுவதுதான் முதல் பிரச்சினை.

2004-ல் எங்கள் பக்கத்து கிராமத்து ஆட்களே காற்று மாதிரி எடுத்தார்கள், உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்காவில் 1990-களில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் ஆரம்பித்த வாளி முறை. மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி, உள்ளே ஒரு பிரத்யேகப் பை, வாளியில் இருக்கிற காற்றை வெளியே இழுத்தால் வெளிக்காற்று பைக்குள் தானாக நிரம்பும், அதைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். இருபதுக்கும் மேற்பட்ட ரசாயனங்கள் வந்தன, அதில் புற்றுநோய் உண்டாக்குபவையும் இருந்தன. அதற்கப்புறம்தான் "நாற்றம் எல்லாம் உங்கள் மனப்பிரமை" என்று எங்களிடம் யாரும் சொல்ல முடியவில்லை.

ஆனால் வாளிக்கு முன்னால் ஒரு நோட்டு இருந்தது. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். தேதி, மணி, எந்த இடம், காற்று எந்தப் பக்கமிருந்து, என்ன வாடை, யாருக்கு என்ன செய்தது. வாடையை எங்கள் பெண்கள் பிரித்துப் பிரித்துச் சொல்வார்கள்: அழுகின முட்டை, அழுகின முட்டைக்கோஸ், நெயில் பாலிஷ், ஆஸ்பத்திரி வாடை, பிணவாடை. அழுகின முட்டை என்றால் பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்பைடு, அதில் ஒரு ஆபத்து, அளவு ரொம்பக் கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. வாடை போய்விட்டது, காற்று சுத்தமாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது ஒரு பாட்டி, "அதான் அன்னிக்கு நாத்தம் நின்னப்புறம் எனக்கு மயக்கம் வந்துச்சா" என்று கேட்டார். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் வருகிற வாடையை எழுத எங்களுக்கு ஒரு தையல்கார அக்கா இருந்தார், தூக்கம் வராதவர், நான்கு மாதம் ஒரு நாள் விடாமல் எழுதினார். அந்த நோட்டைத்தான் அதிகாரிகள் முன்னால் வைத்தோம். பேசினால் மறந்துவிடுவார்கள், தேதியோடு எழுதி வைத்திருந்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

உங்கள் குழுவிலும் அப்படி ஒரு நோட்டு வையுங்கள். வாய்க்காலில் எந்த மாதம் எவ்வளவு தண்ணீர், எந்தக் குழாய் வழியாகக் கழிவு வருகிறது, என்ன நிறம். ஏழு பேர் இருந்தால் வாரத்தில் ஏழு நாள், ஆளுக்கு ஒரு நாள், பத்து நிமிட வேலை.

புதிய ஆலையோ விரிவாக்கமோ வந்தால் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும், அதற்கும் தயாராக இருங்கள். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி குறைந்தது 30 நாள் முன்னால் பத்திரிகையில் அறிவிக்க வேண்டும், அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும், கலெக்டரோ அவருக்கு அடுத்த நிலை அதிகாரியோ தலைமை தாங்க வேண்டும், முழுக்க வீடியோ எடுக்க வேண்டும், முடிவில் நடந்ததைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். கூட்டத்தில் கத்துவது இயல்புதான், வயிறு எரிந்து வருகிறவர்கள். ஆனால் எழுத்தில் கொடுத்ததுதான் கோப்பில் நிற்கும். போகும்போதே இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

முத்தியால்பேட்டை:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. எல்லாவற்றையும் நாமே இறங்கிச் செய்தால் செய்ய வேண்டியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். உங்களுக்குத் தமிழ்நாட்டில் வருடம் ஆறு கிராம சபை உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மாநகராட்சிக்குள் என்றால் பகுதி சபை. அங்கே போய், "இந்த வாய்க்காலை ஐப்பசிக்கு முன்னால் தூர்வார வேண்டும்" என்று தீர்மானமாக எழுதவைத்து நகல் வாங்குங்கள். எங்கள் புதுச்சேரியில் 2006-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. எங்கள் தெருச் சாக்கடைக்கு யாரைக் கேட்பது என்றால் கமிஷனர், எம்எல்ஏ என்று அலைய வேண்டியிருக்கிறது. உங்களிடம் அந்தச் சபை இருக்கிறது, அதைச் சும்மா விடாதீர்கள்.

பதிவு பற்றிக் கேட்டீர்கள். 1975 சங்கப் பதிவுச் சட்டத்துக்கு 7 பேர் போதும், உங்களிடம் சரியாக அவ்வளவு இருக்கிறது. ஆனால் பதிவு செய்தால் ஆள் வரமாட்டார்கள், கணக்குத்தான் வரும். வருடாவருடம் தாக்கல் செய்ய வேண்டும். பணம் வாங்கும் அளவுக்கு வேலை வளர்ந்தால் செய்யுங்கள். அதுவரை வாங்குகிற நூறு இருநூறைக்கூடக் கூட்டத்தில் வாசித்துச் சொல்லிவிடுங்கள். எங்கள் தெருக் குழு உடைந்தது 1,800 ரூபாய் பேனர் செலவில். அந்த பேனரும் மக்காத பிளாஸ்டிக், இன்னும் யார் வீட்டு மாடியிலோ கிடக்கிறது.

கெடிலக்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தாழைமடல் அக்கா எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தேவனாம்பட்டினத்தில் நாங்களும் அந்தக் கொடியைப் பிடுங்கியிருக்கிறோம். அடுத்த தடவை போகும்போது முதலில் ஊர்க்காரர்களைப் பார்த்துப் பேசுகிறோம்.

ஏழு பேரிடமும் நேற்று பேசினேன். ஒரே வாய்க்கால் என்று முடிவு செய்துவிட்டோம்: எங்கள் தெருவுக்குப் பின்னால் போய்க் கெடிலத்தில் சேர்கிற வாய்க்கால், பிரதான சாலைப் பாலத்துக்குக் கீழே ஒரு இடத்தில் கட்டட இடிபாடு கொட்டி அடைத்திருக்கிறது, மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்பதே அதனால்தான் என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. வருகிற ஞாயிறு காலை அதன் கரையோடு நடக்கிறோம். பக்கத்து வீட்டுத் தாத்தா, 80 வயது, வாய்க்கால் ஓடியதைப் பார்த்தவர், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், பேரன் சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வருவானாம். நோட்டு வாங்கிவிட்டேன், என் மனைவி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டார். ஆவணியில் பனை விதை.

ஆற்றுத் திருவிழாவுக்கும் ஒரு யோசனை இருக்கிறது. தை ஐந்தாம் நாள் பெண்ணைக் கரையில் அவ்வளவு கூட்டம், சுருளிக் கிழங்கு, கரும்பு, பொம்மை என்று கடைகள், மறுநாள் ஆற்று மணலில் பார்த்தால் பையும் கப்பும்தான். வாசலிலேயே துணிப்பை வாடகைக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

பாகூர்க்காரன்:

நல்லது தம்பி. கிழங்கு விற்கிறவர்களிடம் மார்கழியிலேயே போய்ப் பேசுங்க, அன்றைக்குப் போனால் வியாபார நேரத்தில் காது கொடுக்க மாட்டார்கள். பை கொடுத்தால் திரும்ப வராது என்று எனக்குத் தோன்றுகிறது, பத்து ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுத்துப் பாருங்க.

ஞாயிற்றுக்கிழமை போகும்போது அடி அளவு குறித்த ஒரு மூங்கில் கழியும் ஐம்பதடிக் கயிறும் எடுத்துப் போங்க. நூறடிக்கு ஒரு தடவை கழியை விட்டு அகலம், ஆழம், கீழே எவ்வளவு சேறு என்று குறிங்க. பாலத்துக்கு மேல் பக்கமும் கீழ்ப் பக்கமும் தனித்தனியாக எடுங்க, அந்த வித்தியாசத்தை மனுவில் எழுதினால் பொறியாளர் நேரில் வந்து பார்க்காமல் இருக்க முடியாது. தாத்தா வெயிலுக்கு முன்னால் வீட்டுக்குத் திரும்பிவிடுகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்க.